காவல் கல்வியான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட அமெரிக்கக் கல்லூரிகள், அவர்களைக் கண்காணிக்க மகளிர் டீன் என்றொரு பதவியையும் ஏற்படுத்தின. நிர்வாகங்கள் எதிர்பார்த்தது பெரும்பாலும் விடுதிக் காவலே. அதை முறையாகக் கற்க வேண்டிய துறையாக மாற்றியவர்கள் அப்பதவிக்கு வந்த பெண்கள்தாம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக டீன் லோயிஸ் கிம்பல் மாத்யூஸ் வரலாற்றறிஞர். டீன் என்பவர் முதலில் கற்றறிந்தவராகவும் கற்பிப்பவராகவும் இருக்கவேண்டும் என்று 1915இல் ஒரு நூலே எழுதினார். காவலாளியைக் கேட்டவர்கள் முன் அறிஞரை நிறுத்திய துணிவு அது! நியூயார்க்கின் டீச்சர்ஸ் கல்லூரியில் இப்பணிக்கான பட்டமேற்படிப்பு உருவானதும் அக்காலத்தில்தான். அங்கு பயின்ற டீன்களின் முயற்சியால் 1916இல் தேசியச் சங்கமும் பிறந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து, 1944ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உதவியுடன் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளை நிறைத்தார்கள். நிர்வாகங்கள் மாற்றியமைக்கப்பட்டன; மகளிர் டீன்கள் பலர் ஆண் டீன்களின் கீழ் வைக்கப்பட்டனர். சீரமைப்பு என்றே இதற்குப் பெயர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவ்வாறு பதவியிறக்கப்பட்டவர் உளவியலாளர் கேட் ஹெவ்னர் முல்லர். பின்னர் அங்கேயே கல்வியியல் பேராசிரியராகி, மாணவர் நலப் பணிக்கு வருவோரைப் பயிற்றுவித்தார். 1961இல் அவர்களுக்கான பாடநூலையும் அவரே எழுதினார்.