வேலிக்களையிலிருந்து கொச்சிக்கு

கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில், வாவியும் கடலும் நெருக்கும் எழுவான்கரை மணலில் இருக்கிறது நாவற்குடா. கிணற்றடியில் நிற்கும் கொச்சி (மிளகாய்ச்) செடியின் இலை சுருண்டு, குருத்துக் குறுகி, பூ உதிரத் தொடங்கினால் முதற்பழி விதை விற்றவருக்குத்தான். அநியாயப் பழி. இப்படி இலையைச் சுருட்டும் வைரஸ் விதைப் பைக்குள் வருவது அரிது.

உண்மையில் வெளியிலிருந்து வந்தது வைரஸ் அல்ல; வெளியூர்க்காரி கொச்சிதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தவள். அவளைச் சுருட்டும் வைரஸோ இந்தப் பக்கத்தது. அதில் ஒரு வகை இலங்கையின் பெயரோடேயே தனி இனமாகப் பதிவாகியிருக்கிறது.

வைரஸின் பயணம் வேலியோரக் களையிலோ காய்த்து ஓய்ந்த தக்காளியிலோ தொடங்கும். ஏறிக்கொள்ளும் வாகனம், ஒரு மில்லிமீற்றர் அளவேயான வெண்ஈ. இலையின் அடிப்பக்கம் இருந்து அது சாறு உறிஞ்சும்போது வைரஸும் உள்ளே போகும். போனவுடன் தொற்றாது. குடற்சுவரைக் கடந்து, பூச்சியின் குருதியில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடையவேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அடைந்துவிட்டால் அந்த ஈ சாகும்வரை காவிதான். காவப்படுவது ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட ஒரு டீ.என்.ஏ. வளையம். பெரும்பாலும் அதில் பாதி அளவில் ஒரு துணைத்துண்டும் கூடவே வரும். செடியின் எதிர்ப்பை அடக்குவது அந்தத் துண்டின் வேலை.

வெண்ஈ தூரம் பறக்கமாட்டாது. காற்றுத்தான் தூக்கிப்போகும். மாரி மழை அடித்து வீழ்த்தும்; கச்சான் வீசும் வரட்சியில் மூன்று கிழமைக்கொரு தலைமுறையாகப் பெருகும்.

சுருளல் எல்லாம் வைரஸ் என்றும் இல்லை. இலை மேல்நோக்கி மடிந்தால் பனிப்பூச்சி, கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி என்பது தோட்டக்காரர் கணக்கு. அவற்றுக்கு மருந்து உண்டு. வைரஸுக்கு இல்லை. பீடைநாசினி ஈயைக் கொல்லும், செடிக்குள் புகுந்துவிட்டதைத் தொடாது. சுருண்ட பிறகு அடிப்பது காசை மணலில் ஊற்றுவதுதான்.

மறிக்கவேண்டிய இடம் நாற்றுமேடை. இளநாற்றில் தொற்றிய செடி பிறகு காய்ப்பதென்பது பெயருக்குத்தான். ஈ புகாத நுண்வலையால் மேடையை மூடலாம். கொச்சி நடுவதற்கு முன்பே சுற்றிவர இரண்டு மூன்று வரிசை சோளம் போட்டு, காற்றோடு வருவதை அங்கேயே தடுக்கலாம். நோய்ச்செடியை உலுப்பிப் பிடுங்கினால் ஈக்கள் எழும்பிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும்போது பையால் மூடிப் பிடுங்கி, அந்தப் பையோடேயே புதைக்கவேண்டும்.