பேட்டரியைச் சரிபண்ணினார்கள், காது போச்சு!

வைக்கிங்-1 என்ற அமெரிக்க யந்திரம் 1976 ஜூலை 20-ம் தேதி செவ்வாயில் இறங்கியது. தொண்ணூறு நாள் உழைத்தால் போதும் என்று செய்தது. அது பாட்டுக்கு ஆறு வருஷம் படமும் வானிலைக் குறிப்பும் அனுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரி மட்டும் தளர்ந்தது. சார்ஜ் ஏற்றும் முறையைக் கொஞ்சம் மாற்றலாமே என்று 1982 நவம்பரில் பூமியிலிருந்து புது உத்தரவு போட்டார்கள். அது போய் உட்கார்ந்த இடம், ஆன்டெனாவைப் பூமிப் பக்கம் திருப்புவதற்கான கணக்கு இருந்த இடம்! நாலு மாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதிலே இல்லை.

‘பம்மல் கே. சம்பந்தம்’ (2002) படத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர் சிம்ரன், கமல் வயிற்றுக்குள் கைக்கடிகாரத்தை விட்டுவிடுவாரே, அந்த மாதிரி. கமலை மறுபடி மேஜையில் படுக்க வைக்கலாம். செவ்வாய்க்குப் போய் யார் மூடியைத் திறப்பது?

நிஜப் பம்மலில், உங்கள் கூடத்தில் மினுக்கும் பிராட்பேண்ட் பெட்டியும் இதே ரகம்தான். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு அமைப்புக் கோப்பு. அதைத் திருத்தி எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. அதனால் விவரமானவர்கள் பழைய கோப்பைத் தொடவே மாட்டார்கள். பக்கத்தில் புதுசாக ஒன்று எழுதி, படித்துப் பார்த்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுவார்கள். ஜூனிபர் ரூட்டர்களில் இன்னொரு தந்திரம் உண்டு: ‘பத்து நிமிஷத்துக்குள் நான் வந்து சரி சொல்லாவிட்டால் பழையபடி மாறிக்கொள்.’ தொலைவிலிருந்து வேலை செய்கிறவர் தன் காதைத் தானே அறுத்துக்கொண்டாலும் பிழைத்துவிடலாம்.

அமெரிக்கர்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் போயிற்று. அதன் இரண்டு கம்ப்யூட்டர்களின் நினைவில் இருந்த சின்ன வித்தியாசத்தைத் தீர்க்கப் போய், 2006 ஜூனில் சில எண்கள் தப்பான விலாசத்தில் எழுதப்பட்டன. ஐந்து மாதம் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் பயங்கரம். நவம்பரில் சூரியத்தகட்டை நகர்த்தச் சொன்னபோது அது எல்லையில் போய் முட்டியது. தகடு சிக்கிக்கொண்டதாக நினைத்த கலம் உடம்பைத் திருப்ப, ஒரு பேட்டரிமேல் நேர் வெயில். பேட்டரி சூடானதை ‘நிரம்பிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு சார்ஜை நிறுத்தியது. ஆபத்துக் காலத்தில் ஆன்டெனாவை எங்கே திருப்புவது என்ற குறிப்பும் கெட்டிருந்தது. மறுபடியும் காது!

2014-ல் நம் முறை. மங்கள்யானின் திட்ட இயக்குநர் அருணன், திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். செப்டம்பர் 24 காலையில் எஞ்சின் 24 நிமிஷம் எரிய வேண்டும். பூமியிலிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேரவே 12 நிமிஷம் ஆகும்; பக்கத்தில் நின்று கையைப் பிடித்து ஓட்ட முடியாது. ஆகவே எந்த விநாடியில் எது என்று குறித்த உத்தரவுகளைப் பத்து நாள் முன்னாலேயே ஏற்றி, சரிபார்த்தார்கள். 300 நாள் தூங்கிய எஞ்சினை 22-ம் தேதி நாலே விநாடி எரியவிட்டுப் பார்த்தார்கள். பெரிய எஞ்சின் மக்கர் பண்ணினால் எட்டு சின்ன எஞ்சின்களை வைத்துச் சமாளிக்கத் தனி ஏற்பாடு.

24-ம் தேதி எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது. காலை எட்டு மணிவாக்கில் பெங்களூருக்குச் செய்தி வந்தது. ஆறு மாதத்துக்கென்று செய்த மங்கள்யான், 2022 ஏப்ரலில் ஒரு நீண்ட கிரகணத்தில் தொடர்பு அறும்வரை ஏழரை வருஷம் சுற்றியது.