முங்கேரிலிருந்து மதுரைக்கு

வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் மடியில் கிடக்குமே ஒற்றைக்குழல் துப்பாக்கி, அதை மதுரையில் பார்க்காதவர் இருக்க முடியாது. டோக்கன் எடுக்கும் அவசரத்தில் உற்றுப் பார்த்தவர்தான் குறைவு. காவலர் பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தார். ஊர் உசிலம்பட்டிப் பக்கமாகவோ பேரையூர்ப் பக்கமாகவோ இருக்கும். துப்பாக்கி இந்த மண்ணில் பிறந்ததல்ல. அந்த ரகத்தில் பலவற்றுக்குப் பிறந்த ஊர், பிகாரில் கங்கைக் கரையிலிருக்கும் முங்கேர்.

1760-களின் தொடக்கத்தில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றிக்கொண்டு துப்பாக்கிப் பட்டறைகளை வைத்தார். 1764 அக்டோபர் 22 அன்று பக்சாரில் கம்பெனிப் படையிடம் தோற்றுப்போனார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்புதான், அதே கம்பெனியை எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்ற யூசுப் கான் சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். நவாப் போனாலும் முங்கேரின் கொல்லர்கள் போகவில்லை. இன்றைக்கும் அங்கே அரசு உரிமத்தோடு 12 போர் துப்பாக்கி செய்யும் சிறு ஆலைகள் இருக்கின்றன. அதே ஊரின் சந்துகளில், நம்பர் அடிக்காத கைத்துப்பாக்கிகளும் பிறக்கின்றன. ஒரே கைவேலை, இரண்டு பிள்ளைகள். ஒன்று ரசீதோடு புறப்படுகிறது, மற்றது துணிப்பையில் ரயிலேறுகிறது.

12 போர் என்பது குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் அது, சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் சின்னச் சின்ன ஈய ரவைகள் இருக்கும். எட்டத்தில் போய்க் குறிதவறாமல் கொல்லும் ஆயுதம் அல்ல. கிட்டத்தில் வந்தவனைத் தடுக்கும், வராதவனை மிரட்டும். வங்கிக்கு அது போதும்.

ரசீதோடு வரும் பிள்ளையின் பாதை நீளமானது. உடம்பில் எண் பொறிக்கப்பட வேண்டும். அதை அழித்தால் அதுவே தனிக் குற்றம். வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். மதுரை மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனரிடமும், மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்றால் கலெக்டரிடமும் மனுப் போட வேண்டும். ஸ்டேஷன் அறிக்கை தரும். வருவாய்த் துறையும் விசாரிக்கும். எதற்குத் துப்பாக்கி என்று கேட்பார்கள், 'பாதுகாப்புக்கு' என்று ஒரு சொல்லில் சொன்னால் விடமாட்டார்கள். எல்லாம் முடிந்து கைக்கு வந்தாலும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அது மூன்று ஆண்டு. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் அந்தத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கும் தண்டனை வைத்தது. இது வடக்கே உள்ள பழக்கத்துக்காக வந்த பிரிவு. நம் காதுகுத்து வீடுகளில் சரவெடியோடு முடிந்துவிடும்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருப்பாச்சேத்தி. அங்கே பேர்போன அருவாளை எந்த மனுவும் இல்லாமல் வாங்கலாம். 1997 ஏப்ரலில் வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதி கொல்லப்பட்டபோதும், 2003 மே மாதம் முன்னாள் அமைச்சர் தா.கிருட்டிணன் நடைப்பயிற்சியில் வெட்டப்பட்டபோதும், 2013 ஜனவரி கடைசியில் தி.மு.க. பிரமுகர் பொட்டு சுரேஷ் கொலையுண்டபோதும், ஆயுதம் அருவாள்தான். மதுரையை உலுக்கிய இந்த அரசியல் கொலைகள் எதிலும் துப்பாக்கி வெடிக்கவில்லை.

அப்படியானால் உரிமச் சட்டம் எதைக் காக்கிறது? உரிமத்தைத் தளர்த்தச் சொல்பவர்களின் கேள்வி இது. அவர்கள் கையில் கணக்கும் இருக்கிறது. 2016 இறுதியில் நாட்டில் நடப்பிலிருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம், அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு நடந்த கொலைகள் அங்கே 1.5, இங்கே 2.2. துப்பாக்கி குறைந்தால் கொலை குறையும் என்று சொல்ல இந்த எண்கள் விடவில்லை. துப்பாக்கி கூடினால் கொலை குறையும் என்று சொல்லவும்தான் விடவில்லை. நாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் உரிமம் இல்லாத துப்பாக்கிக்கே இரையானவர்கள். ரயிலேறி வந்த தம்பியின் பாவத்துக்கு ரசீதோடு வந்த அண்ணன் ஸ்டேஷன் படியேறுகிறான் என்பது உண்மைதான்.

ஆனாலும் என் வோட்டு கெடுபிடிக்கே. அருவாளோடு வருபவன் கிட்டே வந்தாக வேண்டும். ஓடலாம், கதவைச் சாத்தலாம், தெருவே கூடித் தடுக்கலாம். வெட்டுப்பட்டவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்து உயிரைப் பிடித்து நிறுத்திய கதைகள் மதுரையில் எத்தனையோ. பங்காளிச் சண்டையும் வரப்புச் சண்டையும் கோயில் முதல்மரியாதைச் சண்டையும் ஓயாத இந்தச் சமவெளியில், கோபம் தலைக்கேறிய அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டுப் பீரோவில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். 2.2 என்ற எண் அங்கேயே நிற்காது.

இந்தக் கெடுபிடி நல்லெண்ணத்தில் பிறந்ததல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதத்துக்குத் தடை விதித்தார். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் கேட்கவைத்தது. ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. அகிம்சை பேசிய காந்தியே 1918-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அவரைக் கொன்றதோ உரிமம் இல்லாத பெரெட்டா பிஸ்டல். அப்போது அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி நம் தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்த 1959-இலேயே சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டமும் நிறைவேறியது. அதற்கு முன், 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச்.வி.காமத் அரசியல் நிர்ணய சபையில் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை.

உசிலம்பட்டிக் காவலரின் மடியில் அந்தத் துப்பாக்கி கிடப்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். ஊர்க்காவலே தொழிலாக இருந்த கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று எழுதி, ராத்திரி ஸ்டேஷனில் படுக்கவைத்தது அந்தச் சட்டம். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. அந்த மண்ணின் பேரப்பிள்ளைகளிடம் இன்று வங்கி தன் பணத்தையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது.

தேர்தல் வந்தால் ரசீதோடு வந்த அண்ணனுக்கு விடுமுறை. 2024-இல் மார்ச் 16 அன்று நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகள் ஸ்டேஷன்களுக்குப் போயின. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்தாலும், எண்ணிக்கை ஜூன் 4 வரை காத்திருந்தது. வங்கிக் காவலுக்கு விலக்குக் கிடைக்கும். தோட்டத்தில் தனியாகக் குடியிருக்கும் விவசாயி அப்படித் தப்புவது அரிது. யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஆளுக்கு ஆள் பரிசீலித்து முடிவெடுக்கத்தான் மாவட்டங்களில் குழு இருக்கிறது. எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடும் வழக்கத்தை விட்டு அந்தக் குழுக்கள் வேலை செய்தால் நல்லது.

சிறுமலை, நத்தம் பக்கம் போனால் துப்பாக்கியின் வேறொரு சாதி தென்படும்: கருமருந்தும் பால்ரஸ் குண்டும் குழல் வாய்வழியாகத் திணித்து வெடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. நரிக்குறவர்களில் சிலர் அதற்கு முறையான உரிமம் வைத்திருந்தார்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதை வைத்து வேட்டையாட வழியில்லை. காட்டுப்பன்றி கடலையைத் தோண்டித் தின்றாலும் விவசாயி சுட முடியாது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சொன்னது. நாட்டுத் துப்பாக்கி கள்ளத்தனமாகப் பரணில் தங்குவதற்கு இந்தப் பன்றியும் ஒரு காரணம்.

பரண் என்றதும் கடைசியாக ஒன்று. உரிமம் துப்பாக்கிக்கு இல்லை, ஆளுக்கு. 70 வயது நிறைந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதி இடம் தருகிறது. உரிமதாரர் காலமாகிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து வீட்டிலிருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. தாத்தாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று துணி சுற்றி வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் அதன்பிறகு உங்கள் பெயரில் உரிமத்துக்கு மனுப் போடுங்கள்.