அசலும் அச்சும்

ஓவிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனை வாசலிலிருந்தே தொடங்குகின்றனர். எந்த மன்னன் எந்த ஓவியனை ஆதரித்தான், அவன் தீட்டிய சீலை இன்று எந்தக் காட்சிச்சாலையில் தொங்குகிறது என்பனவே அவர்களுக்கு வரலாறு. அசல் ஓவியத்தை வாங்கியவன் சேகரிப்பாளன் எனப்படுகிறான். அதன் அச்சுப்படியைச் சில அணாக் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியவனுக்கு அந்த வரலாற்றிலே பெயர் இல்லை. இந்தக் கணக்குச் சரிதானா என்பதைக் கற்பிட்டித் தீபகற்பத்துப் பள்ளிவாசல்துறை போன்றதொரு கரையோர ஊரில் நின்று பார்க்க முயல்வோம்.

புத்தளக் கரை உலகத்துக்குப் புறம்பானதன்று. 1344இல் இபுனு பதூதா வந்திறங்கிய இடம் புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். பின்னர் ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். பள்ளியையும் துறையையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் பள்ளிவாசல்துறை. அதே தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம் உள்ளது. தெற்கே உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு நடக்கிறது. ஆனால் மீனையும் உப்பையும் தென்னையையும் நம்பி வாழ்ந்த இக்கரை மக்களுள் எண்ணெய் வண்ண ஓவியம் வாங்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? இத்தகைய வீடுகளுக்கு ஓவியம் காகிதத்தில்தான் வந்தது. கடைக்காரர் தந்த கலண்டராகவும், திருவிழாக் கடையில் விற்ற படமாகவும் வந்தது.

அப்படங்களில் கற்பனைக்குக் குறைவில்லை. மேலைநாட்டார் இன்று மாயக்கற்பனை ஓவியம் என்று தனிவகையாகப் பிரித்துப் போற்றும் சிறகு விலங்குகளும் விசித்திர உருவங்களும் நம் எளிய வீடுகளுக்குப் பழகிப்போனவை. நபிகள் நாயகத்தின் விண்ணேற்றப் பயணத்து ஊர்தியான புராக்கை எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் இரவுப் பயணத்தைச் சொல்கிறது. ஊர்தியின் பெயரைச் சொல்லவில்லை. அது கழுதையிற் பெரிது, கோவேறு கழுதையிற் சிறிது, வெண்ணிறமானது என்பது ஹதீஸ்கள் தரும் செய்தி. பெண்முகத்தைப் பாரசீக ஓவியர் சேர்த்தனர். தென்னாசிய அச்சுப் படங்களிலோ மயில்தோகையும் வந்து ஒட்டிக்கொண்டது. மார்க்க அறிஞர் பலர் இவ்வுருவத்தை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயினும் பெண்முகமும் சிறகும் தோகையும் கொண்ட காமதேனுவின் படத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை போலவே தோன்றும். இதில் வியப்பில்லை. இந்திய முஸ்லிம்களின் அச்சுப் படங்களை ஆராய்ந்த யூசுப் சயீத், அவற்றை வரைந்தவர்களிலும் அச்சிட்டவர்களிலும் இந்துக்கள் பலர் இருந்ததை எடுத்துக்காட்டியிருக்கிறார். மதங்கள் மேடையிலே சண்டையிட்ட காலத்திலும் அச்சகத்திலே மைக்குச் சாதி இருக்கவில்லை.

இந்த அச்சுப் பெருக்கத்தின் தலைவாசலில் நிற்பவர் ரவிவர்மா (1848–1906). அவருடைய ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு மக்களிடம் பரப்பலாம் என்று 1884இல் யோசனை சொன்னவர், திருவிதாங்கூரில் திவானாக இருந்த மாதவராவ். பத்து ஆண்டுகளின் பின், 1894இல், பம்பாயில் ரவிவர்மாவின் சொந்த அச்சகமே எழுந்தது. பிளேக் நோய்க் காலத்தில் அது லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறியது; பின்பு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போயிற்று.

அங்கு நடந்த வேலையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். அக்காலத்து வண்ண அச்சு, பொத்தானை அழுத்தியதும் வந்து விழுவதன்று. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சுண்ணக்கல். மூல ஓவியத்தில் எவ்விடத்தில் எந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணாலே பிரித்தறிந்து, கல்லின்மேற் புள்ளி புள்ளியாகக் கையாலே இட்டவர்கள் தொழிலாளர்கள். பழைய படமொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒழுங்கற்ற அப்புள்ளிகள் தெரியும். பிற்காலத்து ஓவ்செற் அச்சிலோ புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். பழம்படம் சேர்ப்போர் உண்மையையும் போலியையும் இவ்வாறே பிரித்தறிகின்றனர். அவர்கள் தேடுவது கைவேலையின் அடையாளத்தை; ஆனால் அந்தக் கைக்குரியவரின் பெயர் எந்தப் படத்தின் அடியிலும் இல்லை.

இவ்வாறு பிறந்த அச்சுப்படி, வாங்கியவர் வீட்டிலே மேலும் ஒரு பிறவி எடுத்தது. பெண்கள் இலட்சுமியின் சேலைமேற் சரிகையும் ஜிகினாவும் ஒட்டினர், துணி தைத்தனர். ஆயிரம் படிகளுள் ஒன்றாக வந்த தாள், அதன்பின் அதுபோல வேறொன்று இல்லாத பொருளாயிற்று. அவ்வாறு அணிசெய்யப்பட்ட படங்களையே இன்று சேகரிப்பாளர் தேடி விலைபேசுகின்றனர். அசல் எது, படி எது என்று இப்போது யார் சொல்வது? இயந்திரப் படியாக்கம் கலைப்பொருளைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை அழித்துவிடுகிறது என்றார் 1936இல் வால்ட்டர் பென்யமின். பேரறிஞரே, ஆனால் அவர் நம் வீட்டு மாடத்தை அறியார். அச்சுப் படத்தின் முன்னே விளக்கேற்றி அவ்வொளியைத் திரும்பப் பெற்றவர்கள் நம் தாய்மார்.

இலங்கையிலேயே இன்னொரு சான்று உண்டு. எம். சார்லிஸ் (1880–1955) வரைந்த பௌத்த சாதகக் காட்சிகள் ஜெர்மனியில் வண்ணப்படங்களாக அச்சாகிச் சிங்கள வீடுகளிற் பரவின. விகாரைச் சுவர்களில் ஓவியந் தீட்டியவர்கள் அப்படங்களையே பார்த்து வரைந்தனர். காகிதப் படிக்குச் சுவரோவியம் படியாயிற்று!

தமிழ்நாட்டில் இத்தொழிலின் பெயர்போன ஊர்கள் கோவில்பட்டியும் சிவகாசியும். தீப்பெட்டி ஒட்டுத்தாளுக்காகச் சிவகாசியில் வளர்ந்த அச்சகங்கள் தெய்வப் படங்களையும் நாடெங்கும் பரப்பின. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகத் திரைச்சீலை தீட்டிப் பிழைத்து, கோவில்பட்டியில் நிலைத்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த மூலப்படங்கள் அச்சகத்துக்கு விற்கப்பட்ட சரக்குகள். படம் எத்தனை இலட்சம் விற்றாலும் வரைந்தவருக்கு ஒருமுறைக் கூலியே. அமெரிக்காவில் மாயக்கற்பனை ஓவியத்துக்குப் புகழ்பெற்ற பிராங்க் பிரசெட்டாவும் மலிவுப் பத்திரிகைக்கு அட்டை வரைந்தவர்தான். ஆனால் மூலப்படம் தமக்கே உரியது என்று அவர் பிடிவாதமாக நின்றார். 1969இல் ஒரு திகிற்பத்திரிகையின் அட்டையாக வந்த அவருடைய 'எகிப்திய அரசி' 2019இல் 54 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. தூரிகையின் திறம் மட்டும் இந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. உரிமை யார் கையில் இருந்தது என்பதே உண்டாக்கியது.

சட்டமும் அசலின் பக்கமே சாய்கிறது. ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாகாத கலைச்செல்வமென இந்திய அரசு 1979இல் அறிவித்தது, நல்லதே. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1972இல், மளவலி அச்சகம் தீக்கிரையானதை நாடு பெரிதாக எண்ணியதில்லை.

இன்று கணினியில் தீட்டும் ஓவியனுக்கு அசல் என்ற ஒன்றே இல்லை. முதற்படியும் பத்தாயிரமாவது படியும் ஓரெழுத்துக்கூட மாறாத ஒரே கோப்பு. சரக்கு அரிதாயிருந்தாலன்றிச் சந்தைக்குத் தூக்கம் வராது. ஆகவே செயற்கையாக ஓர் அசலைப் படைத்தார்கள்: 2021இல் பீப்பிள் என்ற ஓவியரின் கணினிக் கோப்பொன்றின் உரிமைச் சான்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 6 கோடியே 93 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அந்தப் படத்தை எவரும் இணையத்திற் காசின்றிப் பார்க்கலாம். விற்கப்பட்டது படமன்று, உடைமை என்ற எண்ணமே.

பள்ளிவாசல்துறையில் நின்று பார்க்கும் நமக்கு வேறொரு கவலை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் இப்புத்தளப் பகுதிக்கே வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுவரில் தொங்கியதை யார் கழற்றுவார்? மக்காப் படத்தைக் கடையில் மறுபடி வாங்கலாம். அச்சின் வலிமை அதுவே. ஆனால் கலண்டர்த் தாளின் ஓரத்திற் குறித்துவைத்த பிள்ளையின் பிறந்தநாளையும் கடன் கணக்கையும் எந்தக் கடை விற்கும்?

இக்கரையில் எஞ்சியிருக்கும் படங்களையும் உப்புக்காற்றும் கறையானும் தின்றுகொண்டிருக்கின்றன. அருங்காட்சியகம் வருமென்று காத்திராமல், பாடசாலை மாணவர் கையிலுள்ள தொலைபேசிகளைக் கொண்டே வீடு வீடாக அவற்றைப் படம்பிடித்து வைக்கலாம். பிடிப்பவர் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பிடிக்கட்டும்; அச்சகத்தின் பெயர், வாங்கிய கடை, வீட்டார் எழுதிய குறிப்பு எதையும் விடாமல் பதியட்டும்.