திருவொற்றியூர் அத்தி

திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி ஆலயத்தின் ஸ்தல விருட்சம் என்றதும், சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சபதம் செய்து கொடுத்த மகிழ மரமே பக்தர்களின் நினைவுக்கு வருகிறது; அத்தியும் அத்தலத்துக்குரிய விருட்சமே என்பதை, எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரிப் புழுதியினூடே வந்து போகும் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

1753-இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அத்திக்கு 'பைகஸ் ரசிமோசா' என்று பெயரிட்டிருந்தார். 1776-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சென்னைக்கு வந்து சேர்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களை இந்தியச் சித்திரக்காரர்களைக் கொண்டு வரையச் செய்து வெளியிட்ட மகத்தான நூலில், 1798-இல், அதே மரத்தைப் 'பைகஸ் குளோமரேட்டா' என்று வேறு நாமத்தால் வர்ணித்தார். பிற்காலத்து அறிஞர்கள் இரண்டும் ஒன்றே எனக் கண்டு, முந்திய பெயரையே நிலைநிறுத்தினர். ராக்ஸ்பர்க்கை நான் குறை கூறமாட்டேன். ஆல், அரசு, இத்தி யாவும் ஒரே குலம், மயங்குதல் சகஜம். அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பதே அத்தியின் பிரதான லக்ஷணம்.

புஷ்பங்கள் காய்க்குள்ளேயே மறைந்திருப்பதால், அதற்கென்றே அமைந்த நுண்ணிய குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தாலன்றி முளைக்கும் விதை உண்டாவதில்லை. போத்து நட்டும் வளர்க்கலாம். ஆயினும் ஓடைக்கரை ஈரத்தில் இயல்பாய்ச் செழிக்கும் இம்மரத்தைக் கடலோர மணலில் வைப்பவர், முதற்கோடைகளில் தண்ணீருக்குச் சலிக்கலாகாது.