சாவடிதோறும் வினவும் தூதன்

வாளையார், குமுளி, போடிமெட்டு என்று வழிநெடுகச் சாவடிகளைக் கண்டு பழகியவர்கள், பாலக்காட்டு, இடுக்கி எல்லைகளில் வாழும் நாம். மலையேறிய வண்டி குறித்த வேளையில் வாராவிடின், எந்தச் சாவடியைக் கடந்தது என்று விசாரிப்போம். இணையத்தில் செல்லும் செய்தியையும் இவ்வாறே விசாரிக்கலாம்.

அதற்கான எளிய கருவியொன்று 1983 டிசம்பரில் தோன்றிற்று. அமெரிக்காவின் மேரிலாந்தில் இராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையமைப்பின் கோளாற்றைக் கண்டறிய ‘பிங்’ என்னும் நிரலை எழுதினார். கடலடியில் பொருள்களைத் தேடும் சோனார் ஒலியே அப்பெயருக்குக் காரணம். ‘இருக்கிறாயா?’ என்று தொலைவிலுள்ள கணிப்பொறியைக் கேட்டு, விடை திரும்பும் நேரத்தை அது அளந்தது. ஆயின், விடை வாராதபோது தடை எங்கே என்பதை அது கூறவில்லை.

அக்குறையை 1987இல் வான் ஜேக்கப்சன் ‘டிரேஸ்ரூட்’ கருவியால் தீர்த்தார். முதல் தூதனுக்கு ஒரு சாவடி வரைக்கும், அடுத்தவனுக்கு இரண்டு சாவடி வரைக்கும் மட்டுமே கட்டுச்சோறு தந்து அனுப்புவது போன்றது அவர் முறை. சோறு தீர்ந்த இடத்துச் சாவடி, ‘உம் தூதன் இங்கே நின்றுவிட்டான்’ என்று சொல்லியனுப்பும். இவ்வாறு வழி முழுவதும் புலனாகும். இவ்விரு கருவிகளின் பணியையும் இணைத்து 1997இல் மாட் கிம்பால் ஆக்கியதே எம்.டி.ஆர்.

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் ‘கைட்’ நிறுவனமாயிற்று. அது பள்ளிகளுக்கு வழங்கும் லினக்ஸ் போன்ற அமைப்பில், முனையத்தைத் திறந்து ‘சூடூ ஆப்ட் இன்ஸ்டால் எம்டிஆர்’ என்னும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட்டுக் கடவுச்சொல் தந்தால், கருவி நிறுவப்பெறும். பின்னர், எம்டிஆர் என்று எழுதித் தளத்தின் பெயரைச் சேர்க்க, சாவடிகள் வரிசையாய்த் தோன்றும். இணைப்பு நன்றாயிருக்கும்போதே இதை நிறுவிக்கொள்ளல் வேண்டும். அறுந்தபின் அதே வழியில் கருவியைப் பெற இயலாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில சாவடிகள் விடை கூறாதவாறே அமைக்கப்பட்டவை. அவற்றின் மௌனம் பழுதன்று. ஓரிடத்தில் தொடங்கும் இழப்பு இறுதிவரை நீடித்தால்தான் அவ்விடத்தை ஐயுறலாம்.

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ, விண்ணப்பத்தின் கடைசி நாளில் இணையம் நின்றுவிட்டால், ‘எங்கோ கோளாறு’ என்னும் விடை மாணவனுக்கு உதவாது. பழுது தன் கணிப்பொறியிலா, வீட்டுக் கம்பியிலா, அப்பாலா என்று அறிந்தவனே உரியவரிடம் உரியதைக் கேட்க முடியும். அவ்வாறு கேட்கும் உரிமையை நமக்கு எளிதாக்கியவை இச்சிறு கருவிகள்.