தீவில் வீடு கட்டுபவர் யார்? அந்தமானில் வீட்டுக் கட்டிட ஒப்பந்ததாரர் உரிமம் பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஒருவர் தம் மனையில் வீடு கட்ட வேண்டுமானால் நில ஆவணம், வரைபடம், நகர்மன்ற ஒப்புதல் எனப் பல தாள்களைத் திரட்ட வேண்டும். வீட்டை எழுப்பப்போகும் காண்டிராக்டருக்குத் தொழில் தெரியுமா என்பதைச் சோதித்து உரிமம் தரும் தனி மத்தியச் சட்டமோ இந்தியாவில் இல்லை. வேறு எந்த ஊரைவிடவும் இத்தீவுகளில் இந்த இடைவெளி ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. மண்ணும் மணலும்

நிலநடுக்கத் தாங்குதிறனுக்கான இந்தியத் தரநிலையின் 2016 பதிப்பு, தீவுக்கூட்டம் முழுவதையும் அதன் மிக உயர்ந்த வகையான ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது. 1941 ஜூனில் மத்திய அந்தமான் அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002 செப்டம்பரில் திக்லிப்பூர்ப் பக்கம் அதிர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் கடலடி பிளந்தபோது சுனாமி அழித்தவை போக, அதிர்விலேயே நொறுங்கிய கட்டிடங்களும் இருந்தன.

தீவுகளில் ஒரு காலத்தில் மரவீடுகளே வழக்கம். மரம் வெட்டுவதும் கடற்கரை மணல் அள்ளுவதும் 2002 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்ற ஆணையால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. காட்டையும் கரையையும் காத்த அந்த ஆணை முற்றிலும் நியாயமானது. ஆனால் மரம் அரிதாகக் கான்கிரீட்டின் பங்கு பெருகியது. நல்ல மணலோ விலை கூடிய பொருளானது. கழுவாத கடல்மணல் கலவையில் சேர்ந்தால் அதிலுள்ள உப்பு, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெளிப்பூச்சு அதைப் பல ஆண்டுகள் மறைத்துவிடும்.

இன்னும் நுட்பமான இடம் தூண்களின் ரிங். நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 பாகைக்கு வளைந்து கான்கிரீட்டின் நடுப்பகுதிக்குள் செல்ல வேண்டும் என்கின்றன இந்தியத் தரநிலைகள். கம்பி கட்டுபவர் 90 பாகையோடு நிறுத்திவிட்டால் அதிர்வில் மேல்கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும், தூண் பிதுங்கி உடையும். வரைபடத்தில் சரியாக இருப்பது கட்டுமிடத்தில் இப்படித் தவறிப் போகலாம். கான்கிரீட் போட்டபின் எந்த அதிகாரியாலும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த ஒரு வளைவுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்டால் உரிமத்தின் தேவை தானாக விளங்கும்.

3. நடப்புச் சட்டங்கள்

3.1 அரசுப் பணி. அந்தமான் பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர்களை வகுப்புவாரியாகப் பதிவு செய்கிறது. முன்பு முடித்த பணிகளும் பணபலமும் பார்த்தே டெண்டர் வரம்பு அமைகிறது. பள்ளிக்கும் பாலத்துக்கும் உள்ள இந்தச் சல்லடை, தனியார் வீட்டைத் தொடுவதில்லை.

3.2 தொழிலாளர் நலன். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் உரிமம் கேட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு 50. ஒரு குடும்பத்தின் வீட்டில் 50 பேர் வேலை செய்வது அபூர்வம். செய்தாலும், அந்த உரிமம் தொழிலாளர் நலனுக்கானது. தூணின் உறுதி அதன் அக்கறை அன்று.

3.3 மனை வணிகம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்துக்குத் தீவுகளிலும் தமிழ்நாட்டு ஆணையமே பொறுப்பு. அது இயங்குவது சென்னையில். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும் எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டத்துக்கும் பதிவு தேவையில்லை. கட்டமைப்புக் குறைக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு என்ற அருமையான பிரிவு, விற்பனைக்காகக் கட்டுபவரையே பிடிக்கும். சொந்த மனையில் காண்டிராக்டரை வைத்துக் கட்டுபவருக்கு அது உதவாது.

3.4 நுகர்வோர் வழக்கு. வீடு கட்டித் தருவதும் சேவையே என்பதால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால் அது விரிசல் கண்டபின் கிடைக்கும் வழி.

4. பிற இடங்களின் அனுபவம்

சிங்கப்பூரில் 2009 முதல் கட்டுநர் உரிமம் கட்டாயம். 60 இலட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான பணிகளுக்கெனத் தனி வகுப்பு உண்டு. நிறுவனத்தின் மூலதனத்தோடு, பணியை நேரில் மேற்பார்க்கும் தகுதியுள்ள ஒருவரையும் அது கேட்கிறது. இலங்கையின் 2014ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் பதிவோடு, கைவினைஞர் அடையாள அட்டைக்கும் வழி செய்தது. தீவுகளுக்குப் பொருந்தும் பாடம் இலங்கையினுடையதே என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன்பின் வந்த 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் கட்டுமானப் பொறியாளரையும் பதிவு வளையத்துக்குள் கொண்டுவந்தன.

5. பரிந்துரை

பெருநிறுவனங்களுக்கான உரிம முறையை அப்படியே இறக்கினால், நான்கு பேரோடு வேலை செய்யும் மேஸ்திரி தொழிலை இழப்பார், வீட்டுக்காரரின் செலவும் ஏறும். இத்தகைய மேஸ்திரிகளில் பலர் தமிழகத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, கைப்பழக்கத்தில் தொழில் கற்றவர்கள். ஆகவே உரிமம் ஆளின் திறனுக்கு இருக்கட்டும், மூலதனத்துக்கு வேண்டாம். வரைபட ஒப்புதலின்போதே கட்டுபவரின் பெயரும் பதிவாக வேண்டும். அஸ்திவாரம், தூண், தளம் மூன்றிலும் கான்கிரீட் போடுமுன் கம்பிக்கட்டைப் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பஹார்காவில் சிவில் பொறியியல் கற்பிக்கும் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் குறுகிய காலப் பயிற்சியையும் செய்முறைத் தேர்வையும் நடத்தலாம். தேர்வு எழுத்துத்தாளில் வேண்டாம். கம்பியை வளைத்துக் காட்டச் சொல்லி, தமிழிலும் வங்காள மொழியிலும் இந்தியிலும் தெலுங்கிலும் கேள்வி கேட்டால் போதும்.